சங்கதி, கருக்கு, ஆனந்தாயி, இரண்டாம் ஜாமங்களின் கதை: வாசிப்பு வட்டத்தில் எந்த வரிசையில், எப்படிப் படிப்பது?

கிளைநூலகம்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள். ஆசிரியை, செவிலியர், தையல்கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்றவர்கள் என்று கலந்த கூட்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். அடுத்த ஆறு மாதத்துக்குப் பெண்களின் வாழ்க்கையைப் பெண்களே எழுதிய நாவல்களையும் தன்வரலாறுகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. 1990ஐ ஒட்டி, அதற்குப் பிறகு வந்தவையாக இருந்தால் நல்லது.

எதில் தொடங்குவது என்பது முதல் கேள்வி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த மாதிரிப் புத்தகம் எடுத்தாலே பேச்சு "ஐயோ பாவம்", "எங்க பெரியம்மா கதையும் இதேதான்" என்று போய்விடுகிறது. புத்தகம் மேசையிலேயே கிடக்கிறது. பேச வேண்டாம் என்று யாரையும் தடுக்கவும் மனசு வராது. பேச்சைப் புத்தகத்தோடு கட்டிவைக்க ஏதாவது முறை இருக்கிறதா? சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலை ஆசையாக எடுத்துப்போகிறவர்கள் பெயர்கள் குழம்பி நூறு பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தலித் எழுத்தாளர் பாமாவில் தொடங்குங்கள். ஆனால் 'கருக்கு' (1992) வேண்டாம், 'சங்கதி' (1994) முதலில். முதலில் வந்த புத்தகத்தை முதலில் படிப்பதுதான் வழக்கம் என்றாலும், வட்டத்தில் படிக்க 'சங்கதி'தான் கைகொடுக்கும். அதில் ஒரே கதை நீளமாக ஓடாது. ஒவ்வொரு அத்தியாயமும் தன் காலில் நிற்கும். ஒரு ஞாயிறு வர முடியாதவர் அடுத்த முறை வந்து உட்கார்ந்தாலும் விட்ட இடம் தெரியாமல் தவிக்க மாட்டார்.

வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இது முக்கியம். பேச்சுமொழியிலேயே எழுதிய புத்தகம் என்பதால் கண்ணால் ஓட்டும்போது எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி தடுக்கும். காதில் விழும்போது அந்தத் தடை போய்விடும். பாட்டி பேசும் இடங்களை ஒருவர், கதை சொல்லும் பேத்தி குறுக்கே கேட்கும் இடங்களை இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால், பாட்டி சொல்லும் நியாயத்துக்கும் பேத்தி கேட்கும் நியாயத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தானாகக் கேட்கும். அந்த இடைவெளிதான் அந்தப் புத்தகமே.

"பாவம்" பேச்சுக்கு ஒரு மருந்து: ஒரு காட்சியை எடுத்து, அதில் யார் யார் எந்த வரிசையில் வாய் திறக்கிறார்கள் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். 'சங்கதி'யில் மாரியம்மா பகுதி இதற்குப் பொருத்தம். விறகு கட்டிக்கொண்டு வருகிறவள் தண்ணீர் குடிக்க பம்புசெட்டில் நிற்கிறாள். நிலத்துக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். அவர் முந்திக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் போய், இவளையும் மாணிக்கம் என்ற இளைஞனையும் சேர்த்துத் தப்பாகப் பார்த்ததாகச் சொல்லிவிடுகிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. அங்கே முதலில் பேசியவர் யார், பேசப் போனபோது அதட்டி உட்காரவைக்கப்பட்டவர்கள் யார், உண்மை தெரிந்தும் சபையில் வாயே திறக்க முடியாதவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அபராதம் இரண்டு பேருக்கும் உண்டு, அவளுக்குத்தான் கூடுதல். பட்டியல் முடிந்த பிறகு யாரும் "பாவம்" என்று நிறுத்த மாட்டார்கள். அந்தப் பொய் ஏன் வென்றது, கூலி கொடுக்கிறவரைப் பகைத்துக்கொண்டால் மறுநாள் அந்தத் தெருவில் எத்தனை அடுப்பு எரியும் என்று பேச்சு நகரும்.

அடுத்து 'கருக்கு'. பாமாவின் தன்வரலாறு. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த கையோடு எழுதியது. காலவரிசை கிடையாது. வேலை, விளையாட்டு, பள்ளிக்கூடம், கோவில் என்று ஒவ்வொரு பொருளாக எடுத்து வாழ்க்கையைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. "ஒழுங்கா வரிசையா சொல்லியிருக்கலாமே" என்று ஒருவராவது சொல்வார். அப்போது பென்சிலால் ஒவ்வொரு சம்பவத்தின் ஓரத்திலும் அந்தப் பெண்ணின் வயசைக் குறிக்கச் சொல்லுங்கள். வடைப் பொட்டலத்தைப் பெரியவர் ஒருவர் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடம் இருக்கிறதே, அங்கே அவள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, அவர் கை பட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைப்பதுதான் காரணம் என்று சொல்கிறார். எழுதுகிற பெரிய பெண் அந்தச் சிறுமியின் சிரிப்பை அழிக்கவில்லை, முன்கூட்டியே நமக்கு விளக்கமும் சொல்லவில்லை. நாமும் ஒரு நொடி அவளோடு சிரித்துவிட்டுத்தான் அண்ணனிடம் போய் நிற்கிறோம். ஓரத்தில் வயசைக் குறித்தால் இது பளிச்சென்று தெரியும், இல்லாவிட்டால் "ஒரு கொடுமைச் சம்பவம்" என்று தாண்டிவிடுவோம்.

பூசை, நன்மை வாங்குவது (பூசையில் அப்பம் பெறுவது), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது), உபதேசியார் (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) என்று கத்தோலிக்க வீட்டுச் சொற்கள் நிறைய வரும். உங்கள் வட்டத்தில் கத்தோலிக்கர் யாராவது இருந்தால் ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் சொல்லச் சொல்லுங்கள், போதும். பிள்ளைகள் விளையாடுகிற பகுதியை மட்டும் யாரும் வேகமாகத் தள்ளிவிட வேண்டாம். நிலக்காரரான நாயக்கர், பண்ணையாள் என்று பெரியவர்களின் உலகத்தை அப்படியே நடித்து விளையாடுகிறார்கள். நூறு பக்க ஆய்வு சொல்லாததை அந்தச் சில பக்கங்கள் சொல்கின்றன.

தாழ்வாரம்:

சல்மா பற்றி நான் சொல்கிறேன். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) முஸ்லிம் பெண்களின் வீட்டு வாழ்க்கையைச் சொல்லும், ஐந்நூறு பக்கத்தை ஒட்டிய நாவல். மணிக்கு 25 பக்கம் என்று வைத்தாலும் இருபது மணி நேரம். ஒரே அமர்வுக்கு இதை வைத்தால் யாரும் முடிக்க மாட்டார்கள். நான்கு அமர்வாகப் பிரியுங்கள். ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் நூற்று முப்பது பக்கம்கூட வராது, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்குக் கீழே.

பெயர்க் குழப்பத்துக்கு வழி, உறவுமுறைப் படம். ஆனால் எல்லாப் பெயரையும் முதல் நாளே எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளே பயமுறுத்தும். இரண்டு தம்பதிகளில் தொடங்குங்கள். அண்ணன் தம்பியான காதர், கரீம். காதரின் மனைவி ரஹிமா, மகள் வஹிதா. கரீமின் மனைவி ஜொஹரா, மகள் ராபியா. ஜொஹராவின் அம்மா ஆமினா, தங்கை ஃபிர்தவ்ஸ். இந்த எட்டுப் பேர் மனசில் நின்றுவிட்டால் மற்றவர்கள் வரவர இவர்களில் ஒருவரோடு கோடு போட்டு இணைத்துக்கொண்டே போகலாம். வஹிதாவின் கல்யாணம் சொந்தத்துக்குள்ளேயே நடப்பதால் சில கோடுகள் குறுக்கே வெட்டும். அப்படி வெட்டுகிற இடத்தில்தான் நாவலின் இறுக்கம் இருக்கிறது. மாமியார் வீடும் சொந்தக்கார வீடாக இருந்தால் ஒரு பெண் கோபித்துக்கொண்டு எங்கே போவாள்?

படத்தோடு கூட ஒரு வீட்டு வரைபடமும் போடச் சொல்லுங்கள். வாசல், முற்றம், அடுப்படி, மாடி, ஜன்னல் எல்லாம். வயசுக்கு வந்த பெண் எதுவரை வரலாம், விதவை எதுவரை, சின்னப் பெண் ராபியா எதுவரை ஓடலாம் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லா இடத்துக்கும் தடையில்லாமல் போய்வருகிறவள் ராபியா மட்டும்தான். அதனால்தான் நாவல் அடிக்கடி அவள் கண்ணைக் கடன் வாங்குகிறது. அவளுக்குப் பாதி புரிகிறது, நமக்கு முழுசாகப் புரிகிறது. பக்கம் போகப்போக அவளுடைய கோடும் சுருங்கும், அதைக் கவனியுங்கள்.

மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை), தலாக் (மணவிலக்கு), இத்தா (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்) போன்றவை முதலிலேயே தெரிந்திருந்தால் நல்லது. குறிப்பாக இத்தா. கணவன் இறந்த பெண் 4 மாதம் 10 நாள் காத்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் படித்தால் சில காட்சிகளின் கனம் பிடிபடாது. இஸ்லாமிய உறுப்பினர் யாராவது வட்டத்தில் இருந்தால் சொல்வார். ஆனால் "உங்க வீட்ல இப்படித்தானா?" என்று அவரைக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். பல வட்டங்கள் உடைவதே இந்த இடத்தில்தான்.

இன்னொரு வழுக்கல், இதைச் சல்மாவின் சொந்தக் கதையாகப் படிப்பது. பருவமடைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், மறைத்து மறைத்து எழுதியவர் என்பதெல்லாம் பரவலாகத் தெரிந்த செய்தி. அதனால் "ராபியாதான் சல்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் நாவலாசிரியர் செய்த பெரிய வேலை கண்ணில் படாது. தன்வரலாறு எழுதுகிறவர் தன் கதவுக்கு வெளியே நடந்ததைக் கேள்விப்பட்டதாகத்தான் எழுத முடியும். இந்த நாவல் ஒவ்வொரு பெண்ணின் அறைக்குள்ளும் போகிறது. ஃபிர்தவ்ஸின் மனசுக்குள்ளும் போகிறது, அவளைத் தண்டிக்கிறவர்களின் மனசுக்குள்ளும் போகிறது. தாய் ஒருத்தி தன் மகளுக்கு எதிராக எப்படி நிற்கிறாள் என்பதை உள்ளே இருந்து காட்ட நாவலால்தான் முடியும்.

தலித் எழுத்தாளர் சிவகாமியின் 'ஆனந்தாயி' நாவலுக்கும் (1992) இதே வரைபட முறை வேலை செய்யும். ஆனந்தாயியின் புருஷன் பெரியண்ணன் சாலைக் கான்ட்ராக்ட் எடுக்கிறவன், ஊரிலேயே மாடி வீடு கட்டியவன். அந்த மாடிக்கு யார் போகிறார்கள், அப்போது கீழே அடுப்படியில் ஆனந்தாயி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று பாருங்கள். அவன் கொண்டுவந்து வைக்கும் லட்சுமி ஓடிப்போவதும் அவன் துரத்திப் பிடித்து இழுத்துவருவதும் திரும்பத் திரும்ப நடக்கும். ஆனந்தாயிக்கும் லட்சுமிக்கும் நடுவில் பகையும் இரக்கமும் மாறிமாறி வருகிற இடங்களைப் பக்க எண்ணோடு குறித்துவரச் சொல்லுங்கள். "சக்களத்திச் சண்டை" என்று இதைச் சுருக்குகிறவர்களுக்கு அந்தப் பக்க எண்களே பதில். அடியும் வன்முறையும் நிறைய உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிர்பாராமல் மாட்டிக்கொள்கிறவர் அடுத்த அமர்வுக்கு வர மாட்டார்.

ஏட்டுச்சுவடி:

தன்வரலாறு பக்கம் பேச ஆள் இல்லையே, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நாவலில் "யார் கண்ணால் பார்க்கிறோம்" என்று கேட்க வேண்டும், தாழ்வாரம் அதை நன்றாகச் சொல்லிவிட்டார். தன்வரலாற்றில் கேட்க வேண்டியவை வேறு. யார் கையால் எழுதப்பட்டது, வாழ்ந்து எத்தனை வருஷம் கழித்து எழுதப்பட்டது, எழுதும்போது அவர் எங்கே இருந்தார். முன்னுரையையும் பதிப்புப் பக்கத்தையும் தாண்டிப் போகிறவர்கள் இந்த மூன்றையும் தவறவிடுவார்கள். அதனால் தன்வரலாறு எடுக்கிற அமர்வில் முதல் கால்மணி நேரம் அந்தப் பக்கங்களுக்கே ஒதுக்குங்கள்.

எழுதிய கை ஏன் முக்கியம் என்பதற்குப் பாலியல் தொழிலாளி நளினி ஜமீலா நல்ல உதாரணம். கேரளத்தில் 2005ல் அவர் தன்வரலாறு மலையாளத்தில் வந்தது. அவர் சொல்ல, இன்னொருவர் எழுதிய புத்தகம். பெரிய சர்ச்சையாகி விற்றுத் தீர்ந்தது. ஆனால் தன் குரல் அதில் சரியாக வரவில்லை என்று அவரே அதை ஒதுக்கிவிட்டு, திருத்திய இரண்டாவது வடிவத்தைக் கொண்டுவந்தார். ஒரே வாழ்க்கை, இரண்டு புத்தகம். தமிழில் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்த்திருக்கிறார். படிக்கிறவர்கள் அழுகையை எதிர்பார்த்து உட்கார்வார்கள், அவரோ கூலி, வாடகை, போலீஸ், வாடிக்கையாளர் என்று தொழிலாளி கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போவார். அந்தத் தொனியைத் தாங்க முடியாமல் "இவங்களுக்கு வருத்தமே இல்லையா" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அப்படியே மேசையில் வையுங்கள். வருத்தப்படுகிற பெண்ணுக்கு மட்டும்தான் நம் காது திறக்குமா என்று அதிலிருந்து பேசலாம்.

திருநங்கையர் எழுதியவற்றில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007), ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) இரண்டும் கிடைக்கும். வித்யாவின் புத்தகம் அறுவைச் சிகிச்சைக்குப் போகிற பயணத்தில் தொடங்கி, அதன் பிறகுதான் பிள்ளைப் பருவத்துக்குத் திரும்புகிறது. ரேவதியின் வாழ்க்கைக் கதை தமிழில் எழுதப்பட்டும், 2010ல் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் அச்சானது. தமிழ்ப் புத்தகம் அதற்குப் பிறகு. தாய்மொழியில் வர ஏன் தாமதமானது என்று வட்டத்தில் கேளுங்கள், பதிப்புலகம் பற்றியும் வீட்டார் படித்துவிடுவார்களே என்ற பயம் பற்றியும் நல்ல பேச்சு வரும். இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் 'வெள்ளை மொழி' என்பேன். தான் பிறந்த வீட்டுக்கு அவர் திரும்பத் திரும்பப் போய்வருகிற பகுதிகளில், சொத்துப் பேச்சு வரும்போது உறவுகள் எப்படி மாறுகின்றன என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதியவர்கள் குறைவு.

எப்போது, எங்கிருந்து எழுதப்பட்டது என்பதற்குத் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவர். 1991ல் இயக்கத்தில் சேர்ந்தார். 2009 மே மாதம் போர் முடிந்தபோது சரணடைந்து, சிறை, புனர்வாழ்வு எல்லாம் கடந்து 2013ல் வெளியே வந்தார். 2015 அக்டோபர் 18ல் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் 2016ல், அவர் இல்லாதபோது வந்தது. எல்லாமே அவர் எழுதியதுதானா என்று அப்போதே வாக்குவாதம் எழுந்தது. சிங்களத்திலும் மொழிபெயர்ப்பு வந்தது. இதைப் படிக்கும்போது ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்த காலத்தில் அவர் நம்பியது, எழுதும் காலத்தில் அவர் சொல்வது, இலங்கையில் இருந்துகொண்டு எழுதுவதால் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது. மூன்றாவது பத்தியில் ஊகம் என்று பெரிதாகத் தலைப்புப் போடுங்கள். இந்தப் பிரிவினை இல்லாமல் உட்கார்ந்தால் "துரோகி", "தியாகி" என்ற இரண்டு சொல்லில் அமர்வு முடிந்துவிடும். முகாமில் பெண்கள் எப்படி இருந்தார்கள், போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைச் சொந்த சமூகம் எப்படிப் பார்த்தது என்று அவர் எழுதிய பகுதிகள் யார் கண்ணிலும் படாமல் போகும்.

மறுபதிப்பு:

மேலே எல்லோரும் நல்ல யோசனை சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஒரு கவலை. தலித் ஒன்று, முஸ்லிம் ஒன்று, திருநங்கை ஒன்று, ஈழம் ஒன்று என்று ஆளுக்கொரு இடம் ஒதுக்கிய மாதிரி இருக்கிறது. அப்படிப் படித்தால் பாமா எல்லாத் தலித் பெண்களுக்கும், சல்மா எல்லா முஸ்லிம் பெண்களுக்கும் பிரதிநிதியாகிவிடுவார்கள். ஒரே வாழ்க்கையைப் பற்றி இரண்டு புத்தகம் இருந்தால் அந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். அதுவே இந்த நோய்க்கு நல்ல வைத்தியம்.

வைகைக்கரை சொன்ன 'சங்கதி', 'கருக்கு' அப்படி ஒரு ஜோடி. 'கருக்கு'வில் தனியாக ஒரு பெண் நிற்கிறாள், 'சங்கதி'யில் தெருவே நிற்கிறது. இன்னொரு ஜோடி சிவகாமியிடம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியம். 'பழையன கழிதலும்' (1989) அவருடைய முதல் நாவல். அடிபட்டு ரத்தக் காயத்தோடு வரும் தங்கம், தலித் சாதித் தலைவரான காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். சொந்தச் சமூகத்துத் தலைவரைத் தோலுரித்துவிட்டார் என்று விமர்சனம் வந்தது. சில வருஷம் கழித்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூலே எழுதி, தான் எழுதியதைத் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். எதைக் கூட்டினேன், எதை மறைத்தேன், யாருக்கு அநியாயம் செய்தேன் என்ற கேள்விகள் அதில். ஆங்கிலத்தில் அவரே மொழிபெயர்த்தபோது (2006) இரண்டையும் ஒரே புத்தகமாகச் சேர்த்தார். நாவலுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரத்தை உங்கள் வட்டத்துக்குப் புரியவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நாவலாசிரியரே அளந்து காட்டுகிறார்.

சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' நாவலையும் யாரும் சொல்லவில்லை. வேதாரண்யம் பக்கத்து உப்பளத்து வாழ்க்கை. புருஷன் பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போய்விட, மூன்று பெண் பிள்ளைகளோடு நிற்கும் சுந்தராம்பாள். உழைப்பைப் பற்றிய நாவல் அது. யார் என்ன வேலை செய்தார்கள், கையில் என்ன காசு வந்தது, அந்தக் காசு எங்கே போனது என்று கணக்கு எழுதிக்கொண்டே படிக்கலாம். 'ஆனந்தாயி' வன்முறை அதிகம் என்று உங்கள் ஆட்கள் தயங்கினால் அதன் இடத்தில் இதை வையுங்கள்.

கிளைநூலகம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. உறவுமுறைப் படமும் வீட்டு வரைபடமும் இந்த வாரமே தயார் செய்கிறோம். கையில் பதின்மூன்று அமர்வுகள் இருக்கின்றன. எதற்கு எத்தனை என்று யாராவது பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

'சங்கதி'க்கு இரண்டு, 'கருக்கு'க்கு இரண்டு. அங்கேயே வாய்விட்டுப் படிப்பதால் ஆளுக்கொரு பிரதி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். பிறகு 'பழையன கழிதலும்', 'ஆசிரியர் குறிப்பு' சேர்த்து இரண்டு. மறுபதிப்பு சொன்னது சரி, சல்மாவுக்கு முன்னால் இதை வைத்தால் "இது யார் சொந்தக் கதை" என்ற கேள்வி அடங்கிவிடும். அடுத்து சல்மாவுக்கு நான்கு. மீதி மூன்றில் 'வெள்ளை மொழி'க்கு ஒன்று, தமிழினிக்கு இரண்டு. 'ஆனந்தாயி', 'அளம்' இரண்டையும் அடுத்த சுற்றுக்குத் தள்ளுங்கள். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நிற்காது.

சல்மாவுக்கு மட்டும் ஒரு பிரதி போதவே போதாது, குறைந்தது ஐந்து வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலும் பக்கத்துக் கிளைகளிலும் இப்போதே கேட்டுவையுங்கள், சல்மா அமர்வுகளுக்கு முன் மூன்று மாதம் இருக்கிறது.

தாழ்வாரம்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு அமர்விலும் முதல் இருபது நிமிஷம் கருத்துச் சொல்லக் கூடாது என்று வையுங்கள். ஆளுக்கொரு பத்தி, பக்க எண்ணைச் சொல்லிப் படித்துக் காட்டுவது மட்டும். பதினைந்து பேரும் படிக்க முடியாது, ஏழெட்டுப் பேர் போதும். அதன் பிறகு "எங்க பெரியம்மாவும் இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். "எந்தப் பக்கத்தைப் படிச்சதும் பெரியம்மா ஞாபகம் வந்தாங்க?" என்று கேளுங்கள். அவர் அந்தப் பக்கத்தைத் திறப்பார், பெரியம்மாவும் பேச்சில் இருப்பார், புத்தகமும் இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

'ஆசிரியர் குறிப்பு' பல கடைகளில் கிடைப்பதில்லை. சென்னைக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தேடச் சொல்லுங்கள். சட்டப்படி பதிப்பாளர்கள் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று, பழைய பதிப்புகள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும், அதனால் நோட்டுப் புத்தகத்தோடு போகட்டும்.